ஆட்காட்டி காட்டிய ஆள்

1

எங்கள் தெருமுனை விளையாட்டு மைதானத்தின் ஒரு மூலையில் போன வாரம் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துக் கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள். மெல்போர்னில் இப்போது குளிர்காலம். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் கால்பந்து ஆடும் இடம் அது. பழைய எல்லைக்கோட்டை அழித்து, இருபதடி உள்ளே தள்ளிப் புதுக் கோடு போட்டிருந்தார்கள். கயிற்றுக்குள், புல் தேய்ந்த வெறுந்தரையில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. முகத்தில் மஞ்சள் தோல் தொங்க, நீண்ட கால்களை மடக்கி, என்னை முறைத்தது. நான் ஓர் அடி முன்னால் வைத்ததும் அதன் ஜோடி எங்கிருந்தோ கத்திக்கொண்டு என் குரங்குக் குல்லாயைக் குறிவைத்துப் பாய்ந்தது.

வருவாய்த் துறையில் முப்பத்து நாலு வருடம் இருந்தவன் நான். எங்கே கயிறு கட்டியிருந்தாலும் யார் உத்தரவில் கட்டினார்கள் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. மஞ்சள் சட்டை போட்ட நகராட்சி ஊழியர் ஒருவர் கூம்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். கேட்டேன்.

“எந்த விதியின்படி இதை அடைத்தீர்கள்?”

அவருக்குக் கேள்வி புரியவில்லை. “அங்கே பறவை இருக்கிறதே” என்றார்.

“இருக்கிறது. உத்தரவு யார் போட்டது?”

“பறவை முட்டையிட்டிருக்கிறது. அதனால் அடைத்தோம்.” சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

நான் ஏதோ வேலையற்ற கிழவன் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று, “நான் ரெவின்யூவில் இருந்து ஓய்வு பெற்றவன்” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. போன வருடத்துக் கணக்கைச் சரியாகத்தான் தாக்கல் செய்திருக்கிறேன் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு வரி பிடுங்குகிறவன் என்றுதான் பொருளாம். என் மகள் கவிதா இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சிரித்தாள்.

பேத்தி அந்தப் பறவைக்குத் தமிழில் என்ன பேர் என்று கேட்டாள். நம் ஊர்ப் பறவையின் ஒன்றுவிட்ட சகோதரம்தான் இது, ஆட்காட்டி என்றேன். அவள் பள்ளிக்கூடத்தில் போய், தமிழர்கள் இந்தப் பறவையை ஆட்டுக்குட்டி என்று அழைப்பார்கள் என்று அறிவித்துவிட்டு வந்தாள். ஆசிரியை அதைப் பலகையிலும் எழுதிப் போட்டாராம். திருத்த வேண்டும் என்றேன். “விடுங்கப்பா, யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள் கவிதா.

எனக்குச் சுருக்கென்றது. அதே வாக்கியத்தை நான் ஒரு காலத்தில் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

2

மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒரு தடவை அரசாங்கத்துக்கு நிரூபித்தாக வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். நான் நேரில்தான் போவேன். இந்தச் சாக்கும் இல்லையென்றால் திருவண்ணாமலைக்கு எந்தச் சாக்கில் போவது?

தம்பி வீடு அடி அண்ணாமலையில். வெயில் ஏறுமுன் நடக்கலாம் என்று கிரிவலப் பாதையை விட்டு விலகி, மேற்கே ஒரு கல்லாங்குத்துப் பக்கம் போனேன். கல்லாங்குத்து என்றால் ஏர் இறங்காத கல் நிலம். சரளை, அங்கங்கே மஞ்சம்புல், இரண்டு மூன்று காரைப் புதர், அவ்வளவுதான். புல எண் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே கல் நட்டு மனை விற்க வந்துவிடுவார்கள்.

“சார்! சார்! நில்லுங்க! காலை வெக்காதீங்க!”

ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி ஆட்டுமந்தையை விட்டுவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தாள். எடுத்த காலை அப்படியே நிறுத்தினேன்.

“இன்னாம்மா, பாம்பா?”

“பாம்பா இருந்தா அது பாத்துக்கும். முட்ட சார். உங்க செருப்புக்கு முன்னாடி.”

குனிந்து பார்த்தேன். கல்தான் தெரிந்தது. இன்னும் பார்த்தேன். கற்களில் நான்கு மட்டும் ஒரே அளவில், கூர்முனை உள்நோக்கி, பூப்போல அடுக்கப்பட்டிருந்தன. சரளையின் நிறமே, சரளையின் புள்ளிகளே. பத்தடி தள்ளிக் கறுப்புத் தொப்பி போட்டதுபோல ஒரு பறவை, மஞ்சள் கால்களில் ஓடுவதும் நிற்பதுமாகக் கத்திக்கொண்டிருந்தது.

“முள்ளு நட்டு வெச்சிருக்கனே, கண்ணு தெரியல?” என்றாள்.

முட்டைக்கு ஓரடி தள்ளி ஒரு வேலமுள் கிளை நின்றுகொண்டிருந்தது. காற்றில் வந்து விழுந்தது என்று நினைத்தேன் என்றேன்.

“வுழுந்த முள்ளு படுத்திருக்கும். நட்ட முள்ளு நிக்கும். இதுகூடத் தெரியாதா? நீங்க ஆர்.ஐ. சாரு தான?”

நான் வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். ஆனால் அடி அண்ணாமலைப் பக்கத்தில் நான் சாகும்வரைக்கும் வருவாய் ஆய்வாளர்தான். அவள் பெயர் அஞ்சலை. கோடை வந்தால் எங்கே ஆட்காட்டி முட்டையைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு முள் நட்டுவிடுவாளாம். ஆடு முள்ளைக் கண்டால் ஒதுங்கும், மிதிக்காது. அந்த நிலத்தில் அப்போது ஏழு முட்கள் நின்றன. ஏழு குடும்பம்.

நிலத்தின் ஓரத்தில் ஒரு பதாகையைக் காட்டினாள். சுற்றுச்சூழல் தினத்தன்று அங்கே மரக்கன்று நடும் பெருவிழா. சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை, உள்ளூர்ப் பிரமுகர்கள், அலுவலகங்கள், எல்லோருடைய படமும் இருந்தது. மரத்தின் படம் மட்டும் சிறியதாக இருந்தது. விழாவுக்குப் பத்து நாள்.

“இன்னும் பதினஞ்சு நாள்ல குஞ்சு வந்துடும் சார். வந்த அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடும். அது வரைக்கும் தள்ளி வெக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்க. மரந்தான வேணும், ஸ்கூலாண்ட வெக்கட்டும், ரோட்டோரம் வெக்கட்டும். இங்க எதுக்கு?”

“நான் எழுதினா நடந்துடும்னு நெனக்கிறியா?”

“ஆபீசு ஆளுங்க எழுத்து ஆபீசுக்குத்தான் புரியும். நாங்க எழுதுனா படிக்க மாட்டாங்க சார்.”

3

மனு எழுதினேன். மூன்று பத்தி, பார்வை எண் இடம்விட்டு, நகல் யார் யாருக்கு என்று கீழே வரிசையாக. நான் எழுதிய மனுவை எந்தப் பிரிவும் தனக்குரியது அல்ல என்று திருப்பிவிட முடியாது. அந்தச் சந்துகளை எல்லாம் அடைக்கத் தெரிந்தவன் நான். ஏனென்றால் அந்தச் சந்துகளில் ஓடித்தான் நான் பதவி உயர்வு பெற்றேன்.

திங்கட்கிழமை வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். மறுநாள் அது எந்த மேசைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த மேசைக்கு நேராகப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. எல்லா அலுவலகமும் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும். பிரிவு அலுவலர் முப்பத்தைந்து வயதுக்காரர். எழுந்து நின்று நாற்காலி போட்டார், டீ சொன்னார்.

“சார், மரம் வெக்கக் கூடாதுனு மனுவா? என் சர்வீஸ்ல இதான் ஃபர்ஸ்ட் டைம் பாக்குறேன்.”

“வெக்கக் கூடாதுன்னு இல்லைங்க தம்பி. அந்த எடத்துல வேணாம்னு.”

“அந்த எடந்தான் சார் சும்மா கெடக்குது.”

“குருவிங்க முட்ட வெச்சிருக்குது.”

“மரம் வந்தா அதுக்கும் நல்லது தான சார்? கூடு கட்டிக்கும்.”

“இது தரையில முட்ட போடற ஜாதி. சுத்திலும் வெட்டவெளியா இருந்தாத்தான் அதுக்குக் காவல். மரம் வந்தா காக்கா வந்து உக்காந்து முட்டையப் பாத்து வெச்சிக்கும்.”

“அப்ப அதுதான் சார் மரத்துல ஏறப் பழகிக்கணும்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பக்கத்து மேசையும் சிரித்தது.

இந்த ‘சும்மா’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சும்மா இருப்பதுதான் பெரிய காரியம் என்று நம்பிக் கடல்தாண்டி வந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள் நம் ஊரில். அவர்களுக்கு விடுதி கட்டி, சாப்பாடு போட்டு, ஆட்டோ ஓட்டி ஊரே பிழைக்கிறது. மனிதன் சும்மா இருந்தால் அது ஞானம். நிலம் சும்மா இருந்தால் அது தரிசு! உடனே யாராவது மண்வெட்டியோடு வந்துவிட வேண்டும். மலைமேல் கருகிப்போன காட்டை மீட்க, தோளில் குடம் சுமந்து மரம் வளர்த்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அங்கே மரம் இருந்தது, போனது, திரும்ப வந்தது. இந்தக் கல்லாங்குத்தில் என்றைக்கும் மரம் இருந்ததில்லை. புல்லும் கல்லும்தான் அதன் காடு. அதை அழித்துவிட்டு வேம்பும் புங்கனும் நடுவது, மீன் பாவம் நனைகிறதே என்று கரையில் எடுத்துப் போடுவதற்குச் சமம்.

4

“நீங்க நம்ம டிபார்ட்மெண்ட் சார். உங்களுக்குக் காட்டாம யாருக்குக் காட்டப்போறேன்?” என்று கோப்பைப் பிரித்து என் பக்கம் திருப்பினார் அந்தப் பிள்ளை. “நாங்க கண்ண மூடிக்கிட்டு எடத்த குடுக்கல. பழைய ஸ்தல ஆய்வு ரிப்போர்ட் இருக்குது, பாருங்க.”

மஞ்சளித்த ஒரு தாள். ‘மேற்படி புலம் நேரில் பார்வையிடப்பட்டது. தீர்வை ஏற்படாத தரிசு, கல்லாங்குத்து. பயிர் இல்லை. மரம் இல்லை. கட்டடம் இல்லை. உயிரினங்கள் ஏதும் காணப்படவில்லை. வெற்று நிலமாக உள்ளது.’

கீழே என் கையெழுத்து.

ஏதோ கிடங்கு கட்ட நிலம் கேட்டுப் போட்ட விண்ணப்பத்துக்கு அந்தக் காலத்தில் நான் கொடுத்த அறிக்கை அது. கிடங்குத் திட்டம் செத்துவிட்டது. அறிக்கை சாகவில்லை. நான் உயிரோடு இருப்பதற்கு வருடா வருடம் சான்று வேண்டும். காகிதத்துக்கு வேண்டியதில்லை.

நேரில் பார்வையிட்டேனா? சாலையில் வண்டியை நிறுத்தி, இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்தேன். பங்குனி வெயில். கூட வந்த தலையாரி உள்ளே போகலாம் என்றார். தூரத்தில் ஒரு பறவை கத்திக்கொண்டே இருந்தது. “இது ஏன்யா இப்படிக் கத்துது?” என்று கேட்டேன். “ஆளக் காட்டிக் குடுக்குது சார். நாம வந்துட்டம்னு சொல்லுது” என்றார். ‘உயிரினங்கள் ஏதும் காணப்படவில்லை’ என்ற வரியை, அந்தக் கத்தல் காதில் விழ, வண்டியின் பெட்ரோல் டாங்க் மேல் தாளை வைத்து எழுதினேன். தலையாரி பார்த்துக்கொண்டிருந்தார். “எழுதுய்யா, யாருக்குத் தெரியப்போகுது” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“யாரோ அந்தக் காலத்து ஆர்.ஐ. சார். கையெழுத்து புரியல” என்றார் பிரிவு அலுவலர். என் கையெழுத்து யாருக்கும் புரியாது. அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. “இந்த ரிப்போர்ட்ட எழுதின ஆளே வந்து, நான் எழுதினது தப்புனு எழுதிக் குடுத்தா, நாங்க மறுபடி ஆய்வு பண்ணித்தான் ஆகணும். அதுவரைக்கும் வேலைய நிறுத்தி வெக்கலாம். அந்த ஆள எங்க போய்த் தேடுவீங்க? இருக்காரோ இல்லையோ!”

வாயைத் திறந்திருக்கலாம். ‘நான்தான் தம்பி’ என்று இரண்டே சொல். ஒப்புகைச் சீட்டு சட்டைப் பையில் இருந்தது. எதிரே பேனா இருந்தது. பொய்யறிக்கைக்கு எந்த விதியில் என்ன தண்டனை என்பது எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது. ஓய்வு பெற்று இத்தனை வருடத்துக்குப் பின் அதில் ஒன்றுகூட என்னைத் தொடாது என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை எழுந்து நின்று நாற்காலி போட்டதே, அது இருக்காது. அந்த மரியாதைக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை.

“சரிங்க தம்பி” என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

5

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு இயந்திரம் வந்தது. முதல் வேலையாக ‘முட்புதர் அகற்றம்’ நடந்தது. அஞ்சலை நட்ட ஏழு முட்களும் அதில் போயின. பிறகு நிலத்தில் சுண்ணாம்பால் நேர்நேராகக் கோடு போட்டுக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அஞ்சலை இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தாள்.

“நாலடி தள்ளித் தோண்டுப்பா. கையெடுத்துக் கும்பிடறேன்.”

“தள்ளினா கோடு கோணிப்பூடும்கா” என்றான் ஓட்டுநர். “ட்ரோன்ல படம் எடுப்பாங்களாம். வரிசையா தெரியணும்னு சொல்லியிருக்காங்க.”

“சார், நீங்க சொல்லுங்க சார்!”

நான் ஓட்டுநரிடம் சொன்னேன். அவன் மேஸ்திரியைக் காட்டினான். மேஸ்திரி ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டினான். அந்த எண் எடுக்கப்படவில்லை. இந்த வரிசையை உண்டாக்கி வளர்த்தவர்களில் நானும் ஒருவன். அது எப்படிப் பிசகில்லாமல் வேலை செய்கிறது என்பதை எதிர்ப்பக்கத்தில் நின்று அன்றுதான் பார்த்தேன். அஞ்சலையை இரண்டு பேர் ஒதுங்கச் சொல்லிக் கூட்டிப்போனார்கள். இயந்திரக் கை ஒரு தடவை மண் அள்ளுவதற்குள் முட்டைகளின் கதை முடிந்துவிட்டது. கோடு கோணவில்லை.

விழா அன்று பந்தலுக்கு மேலே அந்தப் பறவைகள் சுற்றிச் சுற்றிக் கத்தின. பேச்சாளர் குரலே கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் தொகுப்பாளர் சொன்னார்: “பாருங்கள், பறவைகள்கூட நம்மை வாழ்த்திப் பாடுகின்றன!” கைதட்டினார்கள்.

எனக்கு இரண்டாவது வரிசையில் நாற்காலி. ‘ஓய்வு பெற்ற மூத்த அலுவலர்’ என்று அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன். பந்தலுக்கு வெளியே ஆடுகளோடு நின்று அஞ்சலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் விமானம் ஏறும்வரை, தினமும் காலையில் ஒரு ஜோடி, முட்டை இருந்த இடத்துக் குழியின் விளிம்பில் வந்து நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தது. அதில் ஒரு நாவல் கன்று இருந்தது.

6

மெல்போர்ன்காரர்களைப் புனிதர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீடு நிற்பதே ஒரு புல்வெளியைச் சுரண்டி எடுத்த இடத்தில்தான். சுரண்டி முடித்தபின் தெருக்களுக்கு அங்கே வாழ்ந்த பறவைகளின் பெயரை வைத்தார்கள். நாம் ஏரியைத் தூர்த்துவிட்டு ஏரிக்கரை நகர் என்று பெயர் வைப்பதுபோல. ஆனாலும் நான்கு முட்டைக்காக ஒரு கோட்டை இருபதடி நகர்த்தினார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. கோடு நகரும். நகர்த்த ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

“ஏம்ப்பா எப்பப் பாத்தாலும் ஊரத் திட்டிக்கிட்டே இருக்கீங்க?” என்று கவிதா கேட்டாள். ஊரைத் திட்டுவது சுலபம் என்று அவளிடம் சொல்லவில்லை.

முந்தாநாள் அஞ்சலை குரல்பதிவு அனுப்பியிருந்தாள். மருமகளின் கைபேசியில் பேசியது. ‘சார், நல்லா இருக்கீங்களா? கன்னு எல்லாம் காஞ்சிப்போச்சி. ஒருத்தரும் தண்ணி ஊத்த வர்ல. மழ வந்து பாதி குழி மூடிக்கிச்சி. காஞ்ச கன்ன புடுங்கிப்போட்டுட்டு பங்குனில புதுசா வெக்கப் போறாங்களாம். திரும்பவும் மிஷின் வருமாம். குருவிங்க இங்கதான் சுத்திக்கினு கீது. ஒரு மனு எழுதி அனுப்புங்க சார்.’

மனு எழுதவில்லை. வேறொன்று எழுதினேன். ஓய்வு பெற்ற அலுவலர் தன் பழைய அறிக்கையைத் தானே மறுக்க எந்தப் படிவம் என்று யோசித்தேன். அப்படி ஒரு படிவமே இல்லை. முப்பத்து நாலு வருடத்தில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை போலும். வெள்ளைத்தாளில் வாக்குமூலமாக எழுதினேன். அந்தப் புலத்தை நான் நேரில் பார்வையிடவில்லை. வண்டியை விட்டு இறங்கவில்லை. உயிரினங்கள் இல்லை என்று எழுதியபோது ஆட்காட்டி கத்தியது என் காதில் விழுந்தது. மறு ஆய்வு கோருகிறேன், பங்குனியில் நானே உடன் வருகிறேன். இம்முறை எல்லோருக்கும் புரியும்படி, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். இந்தக் குறிப்பையும் ஊரில் எல்லோரும் படிக்கவே எழுதுகிறேன். கோப்பு காணாமல் போகும் என்பது எனக்குத் தெரியாதா?

பிறகு அஞ்சலைக்குத் தொலைபேசியில் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆடுகளை அதட்டிக்கொண்டே கேட்டாள்.

“அந்த ஆளு நீங்கதானா?”

“நான்தான்மா.”

“அன்னைக்கி ஆபீசுலயே சொல்லியிருந்தா?”

“நிறுத்தியிருப்பாங்க.”

“முட்ட பொழச்சிருக்கும்.”

“ஆமா.”

 

“அதான் பொன்னாடை போத்தும்போது அந்தக் குருவி உங்க தலைக்கு மேலயே நின்னு கத்திச்சி” என்றாள். “நான்கூட இந்த மனுசன் மேல இன்னா கோவம் இதுக்குனு நெனச்சேன்.”

பங்குனியில் நானே நேரில் வருகிறேன் என்றேன்.

“சரி, பங்குனில வாங்க. முள்ளு நான் நட்டு வெக்கறேன். ஆபீசரக் கூட்டிக்கினு வந்து ஒண்ணொண்ணா காட்டுங்க. வண்டிய ரோட்டுலயே வுட்டுட்டு, இந்தத் தடவயாவது எறங்கி நடந்து வாங்க” என்றாள். “காலப் பாத்து வைங்க.”